எட்டில் ஐந்து

சான்டா கிளாரா
12 மே 2024

மதிப்பிற்குரிய காக்கா ஹாஜா நஜ்முதீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையால் நான் நன்றாக இருக்கிறேன். உங்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? இஸ்ரத் லாத்தாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நதா உங்கள் வீட்டில் தங்கி யுனிவர்சிட்டிக்குப் போய்வருவதால் ஹூஸ்டன் பக்கம் எனக்குக் கவலையே இல்லை. தகப்பன் இல்லாத குறை என் மகளுக்குத் தெரியாதபடி நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்கிறீர்கள். அதற்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

போன வாரம் போனில் நீங்கள் சொன்னதற்கெல்லாம் "சரி காக்கா, சரி காக்கா" என்றேன். அது சம்மதம் இல்லை. உங்கள் குரல் உங்கள் தம்பி ஹஸ்னைன் குரல் மாதிரியே இருக்கிறது. கேட்டால் தலை தானாக ஆடிவிடுகிறது. அதனால் இனி எழுத்தில் பேசலாம் என்று முடிவு செய்துவிட்டேன். நான் போகிற இடத்தில் போனுக்கு சிக்னலும் கிடையாது.

ஆமாம், நான் மலைக்குப் போகிறேன்.

ஹஸ்னைனின் மந்தை குளிர்காலத்தில் இங்கே பே ஏரியா குன்றுகளில் மேய்வதும், கோடையில் சியரா மலைமேல் புல்வெளிக்கு ஏறுவதும், அக்டோபரில் இறங்கி வந்து அடிவாரத்துப் பட்டியில் தாய் வேறு, குட்டி வேறு, விற்பது வேறு, வைத்துக்கொள்வது வேறு என்று பிரிக்கப்படுவதும் உங்களுக்குத் தெரியும். போன அக்டோபரில் அந்த இறக்கத்தில்தான் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து பெரூ நாட்டுக்காரர் வில்மர் ஒருவரே ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறார். நான் நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து ஆபீஸுக்குத் திரும்பிப் போனேன். மேனேஜர் எனக்கு லேசான வேலையாகப் பார்த்துக் கொடுத்தார். எல்லோரும் என்னிடம் மெல்லிய குரலில் பேசினார்கள். நோயாளி அறையில் இருக்கிற மாதிரி இருந்தது. ரிசைன் பண்ணிவிட்டேன். சாமான்கள் ஆபீஸ் தோழி காமாக்ஷி வீட்டு கராஜில் இருக்கின்றன. அப்பார்ட்மென்ட் சாவியை வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுவேன்.

அடிவாரத்து ஊர் போஸ்ட் ஆபீஸ் முகவரி பின்பக்கம் இருக்கிறது. வாரம் ஒருமுறை சாமான் கொண்டுவரும் வண்டி கடிதங்களையும் மேலே கொண்டுவரும். உங்கள் துஆவில் என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
மெஹர் நிஷா


ஹூஸ்டன்
1 ஜூன் 2024

அன்புத் தங்கச்சி மெஹர் நிஷாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். இங்கே அனைவரும் சுகம். சர்க்கரை கூடியும் குறைந்தும் இருக்கிறது. இஸ்ரத் உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் சமைக்கவே இல்லை. நதா நன்றாகப் படிக்கிறாள். கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள், மரியாதையாகத்தான் சொல்கிறாள்.

நான் இருபத்தைந்து வருஷமாக ஹில்கிராஃப்டில் ஹலால் கடை நடத்துகிறேன். யார் வீட்டில் என்ன நடந்தாலும் என் கவுண்டருக்கு வந்துவிடும். போன ஜும்மாவுக்குப் பிறகு ஒருவர், "உங்க தம்பி சம்சாரம் ஆடு மேய்க்கப் போயிட்டாங்களாமே பாய்" என்று கேட்டார். நான் என்ன சொல்வேன்? "ரிசர்ச்சுக்குப் போயிருக்காங்க" என்றேன். ஒரு பொய்யை என் வாயில் வைத்துவிட்டாய்.

நல்ல வேலை, ஹெல்த் இன்சூரன்ஸ், இருந்த வீடு, மூன்றையும் விட்டாய். அந்நிய ஆண் ஒருவரோடு ஆளில்லாத காட்டில் ஒரு பெண் இருப்பது சரியா என்று நான் கேட்கவில்லை. ஊர் கேட்கிறது. மாடியில் உனக்காக ஒரு அறைக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. கதவைத் திறந்தால் எதிரே நதாவின் அறை. இந்தக் கோடை அந்த ஆள் பார்த்துக்கொள்ளட்டும். அக்டோபரில் ஆடு இறங்கியதும் மொத்தமாக விற்றுவிடலாம். பணம் நதாவின் படிப்புக்கு இருக்கட்டும்.

இந்த வீட்டில் அந்த மலையின் பேரை யாரும் எடுப்பதில்லை. நீயும் எடுக்காதே.

அல்லாஹ் உனக்கு நல்ல புத்தியைத் தரட்டும்.

வஸ்ஸலாம்,
ஹாஜா நஜ்முதீன்


சியரா மலை முகாம்
21 ஜூன் 2024

மதிப்பிற்குரிய காக்கா அவர்களுக்கு,

உங்கள் மேலும் உங்கள் வீட்டார் மேலும் சலாம் உண்டாகட்டும். ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துகள். கடையில் கூட்டம் தாங்கியிருக்காது. நேரத்துக்குச் சாப்பிட்டீர்களா? மாத்திரை போட்டீர்களா? எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. உதடு வெடித்திருக்கிறது, மூக்குத் தோல் உரிந்திருக்கிறது. வேறொன்றும் இல்லை.

இனி யாராவது கேட்டால் ஆடு மேய்க்கிறாள் என்றே சொல்லுங்கள். நபிமார்கள் எல்லோரும் செய்த வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஜும்மாவுக்கு வருகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். எனக்காக நீங்கள் பொய் சொல்ல வேண்டாம்.

வில்மருக்கு என் மேல் நம்பிக்கை இல்லை. ஒரு வாரம் தாங்குவேன் என்று நினைத்தார். அவர் படுப்பது நாய்களோடு கூடாரத்தில். என்னுடையது சக்கரம் வைத்த தகரக் கூண்டு, உள்ளே ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும். உள்ளிருந்து தாழ்ப்பாள் இருக்கிறது. கேட்கிற ஊருக்கு இதையும் சொல்லிவிடுங்கள். காலையில் தண்ணீர் வாளியில் ஐஸ் மிதக்கிறது. ஆடுகள் எழுந்து நடந்தால் நாங்களும் நடக்கிறோம். அவை படுத்தால் உட்காருகிறோம். முதல் சில நாட்கள் என் கால் எனக்குச் சொந்தமாகவே இல்லை.

பெருநாளன்று புல்வெளியில் தனியாகத் தொழுதேன். ஒரு கடாக்குட்டியைப் பிடித்து, கிப்லாவைப் பார்த்துப் படுக்க வைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி நானே அறுத்தேன். பெண் அறுக்கலாமா என்று நீங்கள் யோசிப்பீர்கள். அறுக்கலாம், மார்க்கச் சட்டக் கிதாபில் மஸ்அலாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். வில்மர் அதை வெங்காயம் போட்டுச் சமைத்தார். அன்றைக்குத்தான் அடுத்த மாதத்துக்கு என்ன சாமான் வேண்டும் என்று என்னிடம் முதல் முறையாகக் கேட்டார்.

மாடி அறைக்கு நன்றி காக்கா. நல்ல அறையாக இருக்கும். வாடகைக்கு விட்டுவிடுங்கள். மந்தையை நான் விற்கவில்லை.

துஆவுடன்,
மெஹர் நிஷா


ஹூஸ்டன்
24 ஜூலை 2024

அன்புத் தங்கச்சிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். தாமதத்துக்குக் காரணம் இங்கே அடித்த புயல். கேள்விப்பட்டிருக்க மாட்டாய். யாருக்கும் அடி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். கரண்ட் போய்ப் பல நாள் வரவில்லை. வெயிலோ சொல்லி மாளாது. இஸ்ரத்தைக் காருக்குள் ஏ.சி. போட்டு உட்கார வைத்தோம்.

கடை ஃப்ரீஸரில் இருந்தது எல்லாம் போயிற்று. நதாதான் கையுறை மாட்டிக்கொண்டு வந்து கறுப்புப் பைகளில் இறைச்சியை அள்ளிப் போட்டாள். பாதியில் நிறுத்தி, "இஸ் திஸ் த லாம்ப் வாப்பா சென்ட்?" என்று கேட்டாள். நான் பில் பார்க்கப் போய்விட்டேன்.

கடையைக் கழுவி மறுபடியும் திறந்தாயிற்று. அக்டோபரில் நானே நேரில் வருவேன். எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். நீ எதற்கும் கவலைப்பட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹாஜா நஜ்முதீன்


சியரா மலை முகாம்
18 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய காக்கா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். புயலைப் பற்றிப் படித்ததும் மனது பதறிவிட்டது. லாத்தாவுக்கு அந்த வெயிலால் உடம்புக்கு எதுவும் ஆகவில்லையே? கடையில் பட்ட நஷ்டத்தை இறைவன் வேறு வழியில் ஈடு செய்வான். நானும் வில்மரும் சுகம்.

இங்கே அந்தி நேரத்தில் ஒரு கரடி வந்து ஒரு ஆட்டைக் கொன்றது. நாய்கள் விடவில்லை. நான் கூண்டின் படியில் நின்று, சோறு வடிக்கிற பாத்திரத்தைக் கரண்டியால் அடித்துக்கொண்டு, தமிழில் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் கத்தினேன். அது ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போயிற்று. பயந்தேன் காக்கா, மறைக்கவில்லை. ஆனால் பயப்படுவது வேறு, இறங்கிப் போவது வேறு.

இப்போது உங்கள் "ஏற்பாடு" பற்றி.

நதா எனக்கு எழுதியிருக்கிறாள். சான் அன்டோனியோ பக்கத்து ஆட்டு வியாபாரி ஒருவரை வீட்டுக்கு அழைத்து பிரியாணி போட்டீர்கள். மொத்த மந்தையையும் தருவதாகக் கை கொடுத்தீர்கள். அவர் போன பிறகு லாத்தாவிடம், "மெஹர்ட்ட இப்ப சொல்ல வேணாம். நேர்ல போயி முடிச்சுக்கலாம்" என்றீர்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தமிழில் பதில் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான். பேசுவது அத்தனையும் அவளுக்குப் புரியும்.

இந்த நாட்டுச் சட்டப்படி அவருடையதெல்லாம் எனக்கும் நதாவுக்கும்தான். உங்களுக்கு ஒரு ஆட்டு வால்கூட வராது. வக்கீல் எழுத்துமூலம் சொல்லிவிட்டார். நான் அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. நம் மார்க்கம் சொல்கிறபடி வாருங்கள். மாமா, மாமி உயிரோடு இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று. ஒரே மகளுக்குப் பாதி. மீதி உடன்பிறந்த உங்களுக்கு. எட்டு ஆட்டில் மூன்று உங்களுடையது, ஐந்து எங்களுடையது. குட்டிகளுக்கும் இதே கணக்குத்தான். அக்டோபரில் பட்டியில் உங்கள் மூன்றைப் பிரித்துத் தருகிறேன். அதை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். எங்கள் ஐந்தின் மேல் யாரும் யாருக்கும் கை கொடுக்க முடியாது.

மரியாதை குறையாமல் எழுதியிருப்பதாக நினைக்கிறேன். குறைந்திருந்தால் இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெஹர் நிஷா


ஹூஸ்டன்
12 செப்டம்பர் 2024

மெஹர் நிஷாவுக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

எனக்கே ஹக்கு, பங்கு என்று சொல்லித் தருகிற அளவுக்கு வந்துவிட்டாய். தம்பி சொத்தில் எனக்கு ஆசை என்று நினைக்கிறாயா? மூன்றும் வேண்டாம், முப்பதும் வேண்டாம். எனக்கு அதில் ஒரு காசு வேண்டாம். விற்று வருவதை அப்படியே நதா பேரில் போடுவேன் என்று குர்ஆன் மேல் கை வைத்துச் சொல்லத் தயார். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த ஆடுகள் இருக்கக்கூடாது. ஒன்றுகூட மிச்சம் இருக்கக்கூடாது. இருந்தால் நீ அடுத்த வருஷமும் ஏறுவாய். உனக்குப் பிறகு அவள் ஏறுவாள். அந்த மலை இந்தக் குடும்பத்திடம் வாங்கியது போதும்.

நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஹில்கிராஃப்டில் என் வாக்கு இதுவரை தவறியதில்லை. அக்டோபர் முதல் சனிக்கிழமை ட்ரக் வரும், வியாபாரி வருவார், நான் வருவேன். நதாவும் வருவாள். தாய்க்கு எது நல்லது என்று அவளே உனக்குச் சொல்லட்டும்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

ஹாஜா நஜ்முதீன்


சியரா மலை முகாம்
25 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய காக்கா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எழுத வேண்டாம் என்றீர்கள். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை, அதனால் எழுதுகிறேன். நான் சுகம். நீங்களும் லாத்தாவும் சுகமாக இருக்க வேண்டும்.

மேலே முதல் பனி விழுந்துவிட்டது. ஆடுகளுக்கே தெரிந்துவிட்டது, காலையில் எழுந்ததும் எல்லாம் இறக்கத்தைப் பார்த்தே நிற்கின்றன. நாளை மந்தையை இறக்கத் தொடங்குகிறோம். அவர் போன வழியேதான் இறங்குவேன். வேறு வழி இருக்கிறது, சுற்றுவழி. வில்மர் அதைச் சொல்லிப் பார்த்தார். நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

வாருங்கள். குளிருக்கு நல்ல ஜாக்கெட் எடுத்து வாருங்கள். நதாவுக்கும் ஒன்று. உங்கள் வாக்கை நீங்கள் காப்பாற்றுங்கள். பட்டிக் கதவை நான் பிடிப்பேன்.

மெஹர் நிஷா


லிவர்மோர்
20 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய காக்கா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பட்டியிலிருந்து கிளம்பும்போது நான் சொன்ன ஸலாம் உங்கள் காதில் விழவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். அதனால் மறுபடியும் இங்கே எழுதியிருக்கிறேன். ட்ரக்கின் பின்னாலேயே ஹூஸ்டன்வரை ட்ரைவ் பண்ணிக்கொண்டு போனீர்கள். இடுப்பு தாங்கியதா? ஆடுகளுக்கு வழியில் தண்ணீர் காட்டினீர்களா?

அன்றைக்கு நீங்கள் பாதியில் பட்டியை விட்டுப் போய்விட்டீர்கள். பங்கு உங்கள் கண் முன்னால் பிரியவில்லை என்ற பேச்சு நாளைக்கு வரக்கூடாது. அதனால் நடந்ததை எல்லாம் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் வந்து இறங்கியபோது குட்டிகளைப் பிரித்து முடித்திருந்தோம். குட்டியைத் தேடித் தாயும் தாயைத் தேடிக் குட்டியும் கத்திக்கொண்டிருந்த சத்தத்தில் நாம் பேசியது நமக்கே சரியாகக் கேட்கவில்லை. நீங்கள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது:

"மெஹர், கேட்டைத் தெறந்து விடு. எல்லாம் ட்ரக்ல ஏறட்டும். நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"உங்க வாக்கு உங்க ஆட்டுக்குத்தான் காக்கா."

நீங்கள் நதாவைப் பார்த்தீர்கள். அவள் உங்களோடு வந்தவள், உங்கள் சோற்றைத் தின்கிறவள். உங்கள் பக்கம் நிற்பாள் என்று நீங்கள் நம்பினீர்கள். எனக்கு அதுதான் பயம். அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வேலியில் ஏறி என் பக்கம் குதித்தாள். "பெரியவாப்பா, ஐ லவ் யூ. பட் மை ஹாஃப் இஸ் நாட் ஃபார் சேல்" என்றாள். பிறகு, இத்தனை வருஷத்தில் நான் அவள் வாயால் கேட்காத தமிழில், "என் ஆடு. நான் விக்கல" என்றாள்.

நீங்கள் திரும்பி நடந்தீர்கள். பிக்கப்பில் போய் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைத்தேன்.

ஒரு ஆடு மட்டும் நுழையக்கூடிய அகலத்தில் ஒரு சந்து. அதன் முடிவில் இரண்டு பக்கமும் தள்ளக்கூடிய கதவு. அதை நான் பிடித்தேன். வில்மர் பின்னாலிருந்து ஓட்டினார். நதா எண்ணினாள். எட்டில் முதல் மூன்று உங்கள் பட்டிக்கு, அடுத்த ஐந்து எங்கள் பட்டிக்கு. வந்த வரிசைதான். நான் எந்த ஆட்டின் பல்லையும் பார்க்கவில்லை, மடியைத் தொடவில்லை. கொஞ்சம் ஏமாற்றியிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்திருக்கும்.

பாதி மந்தை போவதற்குள் உங்கள் வியாபாரி வந்து, முழுசாகத் தந்தால் எடுப்பேன், பங்கு போட்டது தனக்கு வேண்டாம் என்றார். உங்களிடம் பேசிக்கொள்ளச் சொன்னேன். உங்களைக் காணோம் என்றார். கொஞ்ச நேரம் பூட்ஸால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார். ட்ரக் உங்கள் பேரில் வாடகைக்கு எடுத்தது என்பதால் அது மட்டும் நின்றது.

ஹஸ்னைன் கையிலிருந்து ரொட்டி வாங்கித் தின்று பழகிய ஒரு கறுப்பு முக ஆடு உண்டு. அது தன் எட்டில் மூன்றாவதாக வந்தது. "உம்மா, நாட் தட் ஒன்" என்றாள் நதா. என் கையும் ஒரு நொடி நின்றது. வில்மர் வேறு பக்கம் பார்த்தார். கதவை உங்கள் பக்கம் தள்ளினேன். அன்று முழுவதிலும் எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்த ஒன்றுதான்.

எல்லாம் முடிந்ததும் உங்களைக் கூப்பிட வில்மரை அனுப்பினேன். அவர் தயங்கித்தான் எனக்குச் சொன்னார். நீங்கள் வந்து இறங்கியதும், என்னிடம் பேசுவதற்கு முன்னாலேயே, அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். "எங்கே?" என்று இங்கிலீஷில் ஒரே வார்த்தை. அவர் மலைப்பாதை திரும்புகிற இடத்தைக் கை காட்டியிருக்கிறார். அவர் தேடிப் போனபோது நீங்கள் அங்கே, தம்பி உட்கார்ந்த இடத்தில், தொழுதுகொண்டிருந்தீர்களாம். தொழுகை முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லையாம். அவர் கூப்பிடாமலே திரும்பி வந்துவிட்டார்.

அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். மலை அவரை எடுக்கவில்லை காக்கா. அவர் நெஞ்சில் அடைப்பு இருந்தது. சான்டா கிளாராவில் சிவப்பு விளக்குக்காகக் காரில் நின்றிருந்தாலும் அது அன்றைக்கு நடந்திருக்கும். நடந்தது அவருக்குப் பிடித்த இடத்தில். நீங்கள் கோபப்பட வேண்டுமென்றால் என் மேல் கோபப்படுங்கள், நான் தாங்குவேன். ஆடுகள் பாவம்.

நீங்கள் திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "என்னோடத ஏத்துங்க" என்றீர்கள். ஏற்றினோம். உங்கள் மூன்று பங்கும் ஒன்று குறையாமல் ஏறியது.

ஹூஸ்டனுக்குத் திரும்பி வர நதா பயந்தாள். நீங்கள் கதவைத் திறந்து, "சாப்ட்டியா" என்று மட்டும் கேட்டதாக மெசேஜ் அனுப்பினாள். அதற்கு அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்.

நாங்கள் இப்போது லிவர்மோர் குன்றுகளில் இருக்கிறோம். இங்கிருந்து அவரை அடக்கிய மையவாடி பக்கம்தான். வெள்ளிக்கிழமைகளில் போய்வருகிறேன்.

மெஹர் நிஷா


ஹூஸ்டன்
14 டிசம்பர் 2024

தங்கச்சி மெஹர் நிஷாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நீ சொன்ன இரண்டு ஸலாமுக்கும் சேர்த்து. சர்க்கரை பரவாயில்லை, நடப்பதால் குறைந்திருக்கிறது. ஏன் நடக்கிறேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். இஸ்ரத் உன்னை விசாரிக்கச் சொன்னாள். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஆடுகளைக் கடைக்கு அனுப்புவதாகத்தான் கொண்டுவந்தேன். கத்திகளைத் தீட்டியும் வைத்தாயிற்று. அன்றைக்கு வேறு வேலை வந்துவிட்டது. மறுநாளும் வேறு வேலை வந்துவிட்டது. பிறகு ரோசன்பெர்க் பக்கம் ஒருவரிடம் புல்தரை குத்தகைக்குக் கேட்டு அங்கே விட்டிருக்கிறேன். தற்காலிகமாகத்தான். காலையில் கடைக்குப் போகும் முன் அங்கே போய்விட்டுப் போகிறேன். நதாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். எனக்கு முன்னால் பூட்ஸ் போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை, தரை சொதசொதவென்று இருக்கிறது. ஆடுகள் நொண்டுகின்றன. முதலில் இரண்டு மூன்றுதான், இப்போது நிறைய. சில முன்னங்கால் மண்டியிட்டுத்தான் மேய்கின்றன. காலைத் தூக்கிப் பார்த்தால் குளம்பின் நடுவில் ஒரு நாற்றம், கடையில் இருபத்தைந்து வருஷத்தில் நான் முகர்ந்திராத நாற்றம். கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார். விற்றுவிடுங்கள், இந்த ஊர் ஈரம் இதுகளுக்கு ஆகாது என்றார். விற்கிற எண்ணம் எனக்கு இல்லை.

நீ செய்தது சரி என்று இதற்கு அர்த்தம் கிடையாது. என் வாக்கு உன்னால் தவறியது. அதை நான் மறக்கப்போவதில்லை. மண்டியிட்டு மேய்கிறதைப் பார்க்க முடியவில்லை, அதற்காக எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தால் எழுது.

அன்றைக்குத் தம்பி உட்கார்ந்த இடத்தில் போய் நின்றேன். நீ எழுதியதில் ஒன்று தவறு. நான் கோபமாகத் தொழவில்லை.

வஸ்ஸலாம்,
நஜ்முதீன் காக்கா


லிவர்மோர்
19 டிசம்பர் 2024

மதிப்பிற்குரிய காக்கா அவர்களுக்கு,

உங்களுக்கும் லாத்தாவுக்கும் நதாவுக்கும் ஸலாம். நடந்து சர்க்கரை குறைந்ததைக் கேட்டு சந்தோஷம். நான் நன்றாக இருக்கிறேன். அவசரம் என்பதால் இதை ஓவர்நைட் கூரியரில் அனுப்புகிறேன்.

அது குளம்பு அழுகல். ஒட்டிக்கொள்ளும். நொண்டுகிற ஆடுகளை இன்றைக்கே தனியாகப் பிரித்து, நிலத்தில் எது மேடோ அங்கே விடுங்கள். மேடு இல்லையென்றால் மரத்தூளை லோடு லோடாக அடித்துக் கொட்டுங்கள். துத்தநாக சல்பேட் மூட்டையாகக் கிடைக்கும், தண்ணீரில் கரைத்து ஆழமில்லாத தொட்டியில் ஊற்றி, அதில் ஆடுகளை நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு காய்ந்த தரைக்குப் போக வேண்டும், மறுபடியும் சேற்றுக்கு இல்லை. நீங்களே குளம்பை வெட்டிவிடாதீர்கள். இறைச்சி வெட்டுகிற கை அது, ஆழமாகப் போய்விடும்.

சனிக்கிழமை காலை ஃபிளைட்டில் வருகிறேன். மந்தையை வில்மர் பார்த்துக்கொள்வார். குளம்புக் கத்தரி இரண்டு கொண்டுவருகிறேன். மாடி அறையை வாடகைக்கு விடவில்லை என்று நதா சொன்னாள். ஒரு வாரம் தங்குவேன், அதற்கு மேல் இல்லை.

உங்கள் ஆடுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள வரவில்லை. அவை உங்களுடையவை. ஜூனில் அவற்றை மலைக்கு அனுப்புவதா என்பது உங்கள் விருப்பம், நான் கேட்க மாட்டேன். அனுப்பினால் உங்கள் காதுக்குறி உங்கள் ஆட்டில் இருக்க வேண்டும், எங்கள் குறி எங்கள் ஆட்டில். வாக்குத் தவறிய விஷயத்தில் என்னை மன்னிக்க வேண்டாம். நான் மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

பழைய பேண்ட், பழைய சட்டை எடுத்து வையுங்கள், வெள்ளை ஜிப்பா வேண்டாம். ஆட்டைத் தாடையில் பிடித்துத் தலையைத் திருப்பி, முழங்காலால் இடுப்பைத் தள்ளினால், அது தானாகப் பின்பக்கமாக உட்கார்ந்துவிடும். பலம் தேவையில்லை. பயப்படாமல் நெருங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான். முதல் ஆட்டை நான் உட்கார வைத்துக் காட்டுகிறேன். இரண்டாவதிலிருந்து நீங்கள்.

மெஹர் நிஷா